செக்ரோல் வைத்து மாயம் எழுதுவது எப்படி: தோட்டப் பட்டணத்து எழுத்தாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் குறுநாவலில் முனியாண்டியும் வருவார், கடலுக்கடியில் ஓடும் தந்திக் கம்பியும் வரும். பிரதியைப் படித்த ஒரு பதிப்பாளர், "சாமி கதையா, சயன்ஸ் கதையா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிட்டு வாங்க தம்பி" என்றார். முடிவு பண்ண முடியவில்லை. பிரதியைத் தூக்கிக்கொண்டு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் என் ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். நானே எழுதி, நானே திருத்தி, நானே அச்சிட்டு, நானே பெட்டி சுமந்து விற்றேன். அப்படிச் செய்யப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தலைப்பில் வரும் செக்ரோல், தோட்டத்தில் ஆள் பேரும் கூலியும் பதியும் பேரேடு.

பகலில் நான் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கதைக்கு இது சம்பந்தமில்லாத செய்தி போலத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் சம்பந்தம் வந்துவிடும்.

முதலில் இந்த வகை எதுவென்று சொல்லிவிடுகிறேன். அறிவியல் புனைகதை 'இது நடக்கக்கூடும்' என்று வாதாடும். மாயக்கதை 'இது நடந்தது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இரண்டும் கலந்த அறிவியல் மாயக்கதை, 'நடந்தது' என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே கணக்கையும் காட்டும். தமிழுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசிப் பௌர்ணமியில்தான் மேலே வரும். கையில் கிடைத்தாலும் உடனே சோறு சுரக்காது. ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகுதான் சுரக்கும். கூடுவிட்டுக் கூடு பாய்பவர் விட்டுவந்த உடலை யாராவது எரித்துவிட்டால் அவர் திரும்ப வழியில்லை. நாள் உண்டு, நிபந்தனை உண்டு, இழப்பும் உண்டு. நம் பழைய மாயங்கள் கணக்கோடுதான் இருந்திருக்கின்றன. கணக்கில்லாத மாயத்தை நாம் சினிமாவில் பழகிக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை: ஊரைத் திணையாகப் பிரித்தல்

வேற்றுலகம் படைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில் தொடங்குகிறார்கள். மூன்று ராஜ்யம், ஏழு மலை, வாயில் நுழையாத பெயர்கள். வேண்டாம். நமக்குச் சங்கப் புலவர்கள் இதைவிட நல்ல கருவியை விட்டுப்போயிருக்கிறார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், மரம், பறவை, உணவு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அந்த நிலத்து மனிதரின் மனநிலை உரிப்பொருள். ஐந்து திணைக்குள் தோட்டம் வராது. அதற்கு ஒரு புதுத் திணையை நீங்களே எழுதுங்கள்.

என் நோட்டில் உள்ளது இப்படி இருக்கும். நிலம், காட்டை வெட்டி நிரை பிடித்த குன்று. சிறுபொழுது, வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும் விடியலுக்கு முந்திய இருட்டு. பெரும்பொழுது மழைக்காலம். மற்றவர்களுக்கு மழை குளிர்ச்சி. பால் வெட்டுகிறவருக்கு அது பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் தண்ணீர், அதாவது கூலியில்லாத நாள். மரம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை. பறவை, செம்பனைக்குள் எலி பிடிப்பதற்காகப் பெட்டி கட்டி வளர்க்கும் கூகை. தெய்வம் முனியாண்டி, காளியம்மன், மதுரை வீரன். தொழில் பால் வெட்டு, குலை வெட்டு, உதிரிப்பழம் பொறுக்குவது. உணவு, வெளிக்காட்டில் மரத்தடியில் உட்கார்ந்து திறக்கும் தூக்குச்சட்டி. உரிப்பொருள் என்ன? குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல். தோட்டத்துக்கு 'கிளம்பச் சொல்லப்படுதல்' என்று எழுதி வைத்தேன்.

அந்த உரிப்பொருளுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத்தான். அதற்கும் முன்னால், 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அறிவித்த அவசரகாலம் அங்கிருந்துதான் தொடங்கியது. 1960 வரை நீண்டது. அதற்கும் முன்னால் சயாம் மரண ரயில். 1942 முதல் 1943 வரை 415 கிலோமீட்டர் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை.

இத்தனையும் கதையில் வர வேண்டியதில்லை. திணை நோட்டில் இருந்தால் போதும். ஒரு பாத்திரம் ஏன் சாமான்களை எப்போதும் மூட்டையாகவே வைத்திருக்கிறாள் என்ற கேள்விக்கு அந்த நோட்டில் பதில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே இருக்கும் காடுகள் தெமியார் என்ற பழங்குடி மக்களின் வாழிடம். காட்டுக்குள் போகும் நாயகனுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு மறைந்துபோகும் ஆதிவாசிக் கிழவர் என்று எழுதிவிடாதீர்கள். நம்மை 'பால்மரக் கூலி' என்று மற்றவர்கள் எழுதியபோது நமக்கு எப்படி இருந்தது? நீங்களே கைகூப்பி நின்ற சாமியை மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது: ஒரே ஓர் உண்மையான விஞ்ஞானம்

ஒன்று போதும். குவாண்டம், மரபணு, கருந்துளை என்று மூன்றையும் போட்டுக் குழப்பினால் அது எல்லாவற்றையும் கலந்து தரும் ரோஜாக் தட்டு. உங்கள் ஊரிலேயே கிடக்கும் ஒன்றை எடுத்து, அடிவரை படியுங்கள். நான் எடுத்தது பால்.

பால்மரம் நம் மரம் இல்லை, பிரேசில் மரம். 1876இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அந்த வழியில் வந்த கன்றுகளை 1877இல் கோலா கங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏன் இருட்டில் பால் வெட்டுகிறார்கள்? வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் போய், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்துவிடும். பால் சரியாக வராது. பட்டையில் வெட்டும் கோடு ஒன்றை ஏன் இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்திப் போடுகிறார்கள்? பால்குழாய்கள் நேராக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இப்படிக் கோடு போட்டால் அதிகக் குழாய்கள் வெட்டுப்படும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மறுபட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மரம் தன் வெட்டைத் தானே அடைத்துக்கொள்ளும். மங்கில் விழுந்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். ஸ்டோரில் தோட்டத்துக் கணக்கரான கிராணி மெட்ரோலாக் என்ற மிதவையைப் போட்டுப் பார்த்து எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடுவார். ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் பால் உறையும். அம்மோனியா ஊற்றினால் உறையாமல் நிற்கும்.

இதுவரை எல்லாம் நம் பாட்டிகளுக்குத் தெரிந்தது. அடுத்த அடுக்குக்குப் போனபோதுதான் எனக்குக் கதை கிடைத்தது.

கித்தா என்று நாம் சொல்கிறோமே, அது மலாய்ச் சொல்லான கெத்தாவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'கட்டா பெர்ச்சா' என்று ஒன்று உண்டு. அதுவும் அதே மலாய்ச் சொல்லின் பிள்ளைதான். அது பிரேசில் மரத்துப் பால் இல்லை, இந்த மண்ணின் தாபான் மரத்துப் பால். ரப்பரும் கட்டா பெர்ச்சாவும் ஒரே வகை மூலக்கூறுச் சங்கிலி. கண்ணிகள் வளைந்திருக்கும் விதம்தான் வேறு. ஒரு விதமாக வளைந்தால் இழுத்தால் நீளும் ரப்பர். இன்னொரு விதமாக வளைந்தால் கெட்டியான, தண்ணீர் புகாத கட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாகப் போனது அந்தக் கட்டாதான். 1866இன் அட்லாண்டிக் கம்பிக்கும் அதுதான் உறை. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடுகளில் தாபான் அருகிப்போனது.

யோசித்துப் பாருங்கள். ஒரே சங்கிலி. ஒரு வடிவத்தில் அது ஞாபகம் போலச் சுருண்டு நீள்கிறது. இன்னொரு வடிவத்தில் கடலுக்கடியில் செய்தியைச் சுமக்கும் கம்பிக்கு உறையாகக் கிடக்கிறது. இதற்கு மேல் நான் என்ன கற்பனை செய்ய வேண்டும்? 'பாலில் ஞாபகம் தங்கும்' என்ற ஒரே ஒரு பொய்யைச் சேர்த்தேன். மீதியெல்லாம் உண்மை.

உங்களுக்குப் பால் வேண்டாம், செம்பனைதான் தெரியும் என்றால் அங்கேயும் இருக்கிறது. 1917இல் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரின் தென்னமராம் எஸ்டேட்டில் உருவானது. அதன்பின் பல்லாண்டுகள் மலேசியாவில் செம்பனைப் பூவுக்கு ஆட்களே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஒரு தொழிலையே விழுங்கிய வண்டு! அதில் ஒரு நாவல் இருக்கிறது. நான் எழுதப் போவதில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: மாயத்துக்கு செக்ரோல் போடுதல்

இந்த வழிகாட்டியில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

தோட்டத்தில் பெரட்டுக்கு வந்தவர் பேர் செக்ரோலில் ஏறும். யார், என்ன வேலை, எவ்வளவு, என்ன கூலி, என்ன பிடித்தம். அரிசிக்குப் பிடித்தம், முன்பணத்துக்குப் பிடித்தம். ஏறாத பேருக்குக் கூலி இல்லை. உங்கள் கதையின் ஒவ்வொரு அதிசயத்துக்கும் இதே ஐந்து பத்தி போட்டு ஒரு நோட்டு வையுங்கள். டயர் கடைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் நான் முதலில் போட்டேன்.

என் கதையில் அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரி. முதல் வரி இப்படி: பேர், அஞ்சலை. வேலை, பழைய நிரையில் ஒரு மரத்தை வெட்டுவது. அளவு, ஒரு மங்கு. கூலி, அந்த மரத்தடியில் வாழ்ந்து செத்த ஒருவரின் ஒரு மணி நேர ஞாபகம். பிடித்தம், அஞ்சலையின் சொந்த ஞாபகத்தில் ஒரு மணி நேரம். எந்த மணி நேரம் என்று அவளால் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த ஒரு வரியை எழுதியதும் கதை தானாக நகரத் தொடங்கியது. மற்ற விதிகளுக்கு நான் தலையைச் சொறிய வேண்டியிருக்கவில்லை, விஞ்ஞானமே கொடுத்தது. வெயில் ஏறினால் ஞாபகம் வராது. எனவே எல்லா முக்கியக் காட்சியும் விடியலுக்கு முன். அமிலம் ஊற்றினால் ஞாபகம் உறைந்து ஷீட்டாகிவிடும். புகைக்கூடத்தில் தொங்கும், யாரும் திரும்பக் கேட்க முடியாது. அம்மோனியா ஊற்றினால் பீப்பாயில் நிற்கும். எனவே யாரோ ஒருவர் அதைக் கப்பலேற்றி விற்கலாம். ஆழமாக வெட்டினால் அதிகம் வரும், ஆனால் அந்தப் பட்டை இனி ஞாபகத்தைக் கோணலாகத்தான் கொடுக்கும். மெட்ரோலாக் போடும் கிராணி ஞாபகத்தின் கெட்டியை அளக்கிறார். அப்படியானால் தண்ணீர் கலந்து ஏமாற்றவும் ஆள் இருப்பார்கள். வில்லனை நான் படைக்கவே இல்லை. செக்ரோலில் கணக்கு இடித்த இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

சாமிக்கும் செக்ரோல் உண்டா? உண்டு, வேறு மாதிரி. முனியாண்டி எப்படி வேலை செய்கிறார் என்று ஒருநாளும் விளக்காதீர்கள். 'அது உண்மையில் ஒரு மின்காந்தப் புலம்' என்று நீங்கள் எழுதிய அந்த நிமிடமே அரிவாளைப் போட்டுவிட்டுச் சாமி போய்விடுவார். கூலியை மட்டும் எழுதுங்கள். சுருட்டு, சாராயம், சேவல். கொடுக்காவிட்டால் என்ன ஆகும், அதையும் எழுதுங்கள். விஞ்ஞானப் பக்கம் 'எப்படி' என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். சாமிப் பக்கம் 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். கலவை திரிந்துபோகாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

நான் விட்ட கோட்டையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் படியில், கடைசி அத்தியாயத்தில் அஞ்சலை சயாமுக்குப் போய்த் திரும்பாத அத்தனை பேரின் ஞாபகத்தையும் ஒரே விடியலில் மீட்டுவிடுவாள். எனக்கே கண் கலங்கியது. முப்பது வருடம் பால் வெட்டிய என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தபடி, "அது சரி, அவளுக்கு ஒண்ணும் பிடிக்கலையாடா?" என்றார். பிடித்தம் போடவில்லையா என்று கேட்கிறார்! ஒரு மங்குக்கு ஒரு மணி நேரம் என்றால் அத்தனை மங்குக்கு என்ன ஆகும்? கணக்குப் போட்டேன். அஞ்சலையின் வாழ்க்கை முழுவதும் போதாது. முடிவை மாற்றி எழுத நான்கு மாதம் ஆனது. கடைசியில் லயத்து ஆட்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேர் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இன்றைக்கும் வாசகர்கள் பேசுவது அந்தக் காட்சியைப் பற்றித்தான்.

ஒரு சோதனை. அதிசயத்தைக் கதையிலிருந்து அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் உங்கள் அதிசயம் வெறும் ஜிகினாத்தாள்.

நான்காவது: ஆட்கள்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மற்ற கதைகளுக்கு எப்படியோ அப்படித்தான். ஒரே ஒரு விஷயம், உலகத்தைக் காப்பாற்றும் நாயகன் வேண்டாம். பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருக்கும் ஒருத்தியிடம் அதிசயத்தைக் கொடுங்கள்.

ஐந்தாவது: மொழி

அறிவியல் தமிழ் என்றவுடன் நம் கை கலைச்சொல் அகராதிக்குப் போய்விடுகிறது. என் முதல் படியில் இப்படி ஒரு வரி இருந்தது: 'பல்லுறுப்பிச் சங்கிலிகளின் வடிவ அமைப்பின் காரணமாக நினைவுத் தரவுகள் அவற்றில் சேமிக்கப்படுகின்றன என்பதை அஞ்சலை உணர்ந்தாள்.'

அஞ்சலை அப்படி உணர மாட்டாள். யாருமே உணர மாட்டார்கள். மாற்றி எழுதியது இது:

'மங்கில் ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்து இழுத்தாள். நீண்டது. விட்டாள். சுருண்டு பழைய இடத்துக்கே வந்தது. "எங்க இருந்துச்சுன்னு இதுக்கு ஞாபகம் இருக்கு, பாத்தியா" என்றாள்.'

அதே விஞ்ஞானம்தான். கை செய்கிற வேலையிலிருந்து வருகிறது, அவ்வளவே. கலைச்சொல் தேவைப்படும் பாத்திரம் வந்தால், ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் அதிகாரி மாதிரி யாராவது, அவர் வாயில் வையுங்கள். அப்போது அந்தச் சொல்லே அவருக்கும் அஞ்சலைக்கும் உள்ள தூரத்தைக் காட்டும்.

கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழாகவும் உரையாடல் ஊர்ப் பேச்சாகவும் இருப்பது நல்லது. பெரட்டு, கிராணி, மண்டோர், மங்கு, லயம், ஆயாக்கொட்டகை, வெளிக்காடு, தாமான், பசார் மாலாம் எல்லாம் அப்படியே வரட்டும். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதே என்று அடிக்குறிப்பு போடாதீர்கள். 'மங்கைக் கவிழ்த்தாள், நேற்றைய மழைத்தண்ணீர் கொட்டியது' என்று எழுதினால் மங்கு என்னவென்று புரிந்துவிடும். நம் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'லா'வை மட்டும் அளவாகப் போடுங்கள். வரிக்கு வரி போட்டால் மேடை நாடகத்துக் கோமாளி பேச்சாகிவிடும்.

பெயர்கள். ஸைரான், க்ரேட்டஸ் என்று வேண்டாமே. கதையில் வரும் இயந்திரங்களுக்கும் ஊர் ஆட்கள் வைப்பதுபோலப் பட்டப்பெயர் வையுங்கள். ஞாபகம் அளக்கும் கருவிக்கு என் கதையில் 'பெரிய கிராணி' என்று பெயர்.

ஆறாவது: எழுதி முடிப்பதும் திருத்துவதும்

முதல் புத்தகத்துக்கு 25,000 முதல் 35,000 சொல் வரை போதும். ஐந்து பாகத் தொடர் என்று அறிவித்துவிட்டு முதல் பாகத்திலேயே நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். நானே ஒருவன். வேலைக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு நானூறு சொல் எழுதினால் மூன்று மாதத்தில் முதல் படி கையில் இருக்கும். நான் எழுதியது காலை ஐந்திலிருந்து ஆறு வரை. வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரம் அதுதான் என்பதைத் தவிர வேறு புனிதம் அதில் இல்லை.

படி முடிந்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள். அந்த வேலையை உண்மையில் செய்த ஒருவர். அறிவியல் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர். கைப்பேசியில் மட்டுமே படிக்கும் ஒரு பதினாறு வயசுப் பிள்ளை. எழுத்தாள நண்பர்களிடம் கடைசியாகக் கொடுங்கள். அவர்கள் உங்கள் கதையைத் தங்கள் கதையாக மாற்றப் பார்ப்பார்கள். மூவரும் ஒரே பக்கத்தில் தடுக்கினால் அந்தப் பக்கத்தில் கோளாறு. மூவரும் மூன்று இடத்தில் தடுக்கினால் கொஞ்சம் பொறுங்கள், அது ரசனையாக இருக்கலாம்.

அதன்பின் ஒற்றுப்பிழை பார்க்கக் காசு கொடுத்து ஓர் ஆளை வையுங்கள். எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

ஏழாவது: அச்சு, எண், சட்டம்

தட்டச்சு முதல் நாளிலிருந்தே யூனிகோடில் இருக்கட்டும். முரசு அஞ்சல், செல்லினம் என்று உலகத் தமிழர் புழங்கும் கருவிகளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர்தான். சாக்குச் சொல்ல வழியில்லை. என் முதல் பதிப்பில் நடந்தது என்னவென்றால், யூனிகோடில் கொடுத்த கோப்பை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டார்கள். பல பக்கங்களில் கொம்பு எழுத்தை விட்டு விலகி அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. 300 பிரதி. புள்ளி தொலைந்து முனியாண்டி பல இடங்களில் முனியாணடி ஆகிவிட்டார். ஆகவே, முழுவதையும் அச்சிடும் முன் ஒரே ஒரு பிரதி அடித்து வாங்கி, தாளில் படியுங்கள். திரையில் சரியாகத் தெரிவது தாளில் சரியாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்டிசைனில் பக்கம் கட்டுகிறவரிடம் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான்.

ஒவ்வொரு நூலுக்கும் உரிய சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணை மலேசியத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. நீங்களே எழுத்தாளரும் பதிப்பாளருமாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அச்சுக்குப் போகும் முன் வாங்கிவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கும் மின்னூலுக்கும் வேறுவேறு எண் வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நான் பெட்டி பிரித்தவுடன் முதல் ஐந்தை எடுத்து உறையில் போட்டுவிடுவேன். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும்.

பதிப்புரிமைக்கு எங்கும் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய உடனேயே அது உங்களுடையது. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கும் நிற்கும். கையில் ஒரு சான்று வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பப் பதிவு செய்துகொள்ளலாம்.

அட்டை. விண்கலமும் வேலும் ஒன்றாக மிதக்கும் அட்டை வேண்டாம். என் இரண்டாம் பதிப்பில் ஒரு மங்கு, அதற்குள் இருட்டு, அதில் ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான். எந்த வகைக் கதை என்று யாரும் அதற்குப்பின் என்னைக் கேட்கவில்லை.

மின்னூலுக்கு அமேசான் கிண்டில் தமிழை ஏற்கிறது. உரிமத்தொகை 35 அல்லது 70 விழுக்காடு. 70 கிடைக்க விலையிலும் வேறு சிலவற்றிலும் அவர்கள் போடும் நிபந்தனைகளுக்குள் நிற்க வேண்டும். அவர்களுடைய 90 நாள் தனியுரிமைத் திட்டத்தில் சேர்ந்தால் அந்தக் காலத்தில் வேறெங்கும் மின்னூலை வைக்க முடியாது. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவான வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்க விற்பனையின் உரிமத்தொகையில் 30 விழுக்காடு வரியாகப் போய்விடும். பிடித்தம் நமக்கும் உண்டு! வெளிநாட்டு வாசகர் கிடைப்பார்கள் என்பதால் போடுங்கள். உள்ளூரில் நம் ஆட்கள் இன்னும் தாளைத்தான் வாங்குகிறார்கள்.

எட்டாவது: விற்பது

புத்தகக் கடையை நம்பாதீர்கள். மலேசியத் தமிழ்ப் புத்தகம் விற்பது மேடையில்தான். வெளியீட்டு விழா வையுங்கள். முதல் நூல் பெறுபவர், சிறப்புப் பிரதி வாங்குபவர், உறையில் வைத்துக் கொடுக்கும் தொகை, இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் என் அச்சுச் செலவில் பாதிக்கு மேல் அன்று ஒரே மாலையில் வந்தது. கோயில் மண்டபத்தில், வந்தவர்களுக்கு மீகூன் கோரெங்கும் தேத்தண்ணியும். பேச்சாளர் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவராவது புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்.

அதைவிட நல்ல இடம் பழைய தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடும் விருந்துகள். தோட்டம் போய்த் தாமான் என்ற வீடமைப்புக் குடியிருப்பு வந்துவிட்டது. ஆட்கள் சுபாங், பினாங்கு, ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் தோட்டம் உயிரோடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் எங்காவது கூடுகிறார்கள். அங்கே ஒரு மேசை கேளுங்கள். அறிவியல் மாயக்கதை என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "பழைய நிரையில் மரத்தை வெட்டினால் செத்தவங்க ஞாபகம் வரும், அந்தக் கதை" என்று சொல்லுங்கள். அறுபது வயசு அம்மா ஒருவர் நின்று, "எந்த நிரை?" என்று கேட்டார். மூன்று பிரதி வாங்கினார்.

விலை நான் 25 வெள்ளி, அதாவது 25 ரிங்கிட் வைத்தேன். கடன் கொடுக்காதீர்கள். இலவசப் பிரதி யார் யாருக்கு என்று முன்பே பட்டியல் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் உறவினரே பாதிப் பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள். எத்தனை அச்சிட்டீர்கள், எத்தனை விற்றது, யாரிடம் எத்தனை நிற்கிறது, எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். என் மாய செக்ரோல் முன்பக்கம், விற்பனைக் கணக்கு பின்பக்கம்.

மீதிப் பெட்டிகளைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காதீர்கள். ஈரம் ஏறும், கரையான் வரும். கீழே இரண்டு பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.